நாள்பட்ட நோயும் மனவிழிப்புப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடி உட்காருகிறோம். முடக்குவாதம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தீராத முதுகுவலி, ஆஸ்துமா என்று ஆளுக்கொரு மருத்துவமனைக் கோப்பு வைத்திருப்பவர்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. முடக்குவாதத்தோடு வாழ்பவள், இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு குழுவை நடத்துகிறவள், அவ்வளவுதான். மருந்து பற்றிப் பேச்சு வரும் இடங்களில் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

மனவிழிப்பு என்றால் என்ன? கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருவதா?

இப்போது உடம்பில் என்ன நடக்கிறது, மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை, உடனே அதை மாற்றப் போகாமல் கொஞ்ச நேரம் பார்ப்பது. கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். உட்காரலாம், படுக்கலாம், பாத்திரம் துலக்கிக்கொண்டும் செய்யலாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் என் விரல்கள் மடங்காது. காபி டம்ளரைப் பிடிக்க முடியாது என்பதால் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன். சூடு முதலில் எங்கே தெரிகிறது? கட்டைவிரலின் அடியில். நடுவிரல் கணுவில் ஒரு இறுக்கம் இருக்கிறது. சுண்டுவிரலில் அவ்வளவு இல்லை. ‘இன்றைக்கு எப்படித் துணி பிழியப் போகிறேன்’ என்று ஒரு எண்ணம் வருகிறது. அது எண்ணம் என்று தெரிந்துகொண்டு மறுபடி டம்ளரின் சூட்டுக்கு வருகிறேன். காபி குடித்து முடிப்பதற்குள் பயிற்சியும் முடிந்துவிடுகிறது.

என்னால் மனத்தை வெறுமையாக்கவே முடியவில்லையே?

யாராலும் முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. மனம் எங்கோ போய்விட்டது என்று உங்களுக்குத் தெரிந்த அந்தக் கணம்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் நாற்பது தடவை போனால் நாற்பது தடவை கூட்டி வாருங்கள். அமைதி வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

இதைச் செய்தால் நோய் குணமாகுமா?

ஆகாது. தேய்ந்த மூட்டு வளராது, பழுதான சிறுநீரகம் மீளாது, முதல் வகைச் சர்க்கரை நோயில் கணையம் மறுபடி இன்சுலின் சுரக்கத் தொடங்காது. தியானத்தால் குணமாக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பயிற்சி மருத்துவமனைக்குள் நுழைந்த கதையே இதற்குச் சான்று. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மருத்துவத்தால் இதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய இயலாத நோயாளிகளைத்தான், குறிப்பாக நாள்பட்ட வலிக்காரர்களை, மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். நோய் இருக்கும், அதோடு எப்படி வாழ்வது என்ற கேள்வியிலிருந்துதான் அந்த வகுப்பு பிறந்தது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் எட்டு வார வகுப்புகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

நோயும் போகாது, வலியும் இருக்கும் என்றால் இதனால் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. இரவு மூன்று மணிக்கு முழங்கால் வலியில் விழிப்பு வருகிறது என்று வையுங்கள். வலி முழங்காலில்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் தோள் காதுவரை ஏறியிருக்கும், பல் கடித்திருப்போம், வயிறு கல்லாகியிருக்கும். கூடவே மனத்தில் ஒரு ஊர்வலம்: நாளைக்குக் கல்யாணத்துக்குப் போக முடியாது, மருமகள் என்ன நினைப்பாள், போன வருடம் அந்த ஊசியைப் போட்டிருக்கலாம், கடைசியில் படுக்கையில் விழுந்துவிடுவேனோ. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான் நடக்கிறது. புண் நோய் தந்தது. வேல் நம் கையிலேயே இருக்கிறது, நமக்குத் தெரியாமல்.

பயிற்சி அந்த இரண்டாவதைத் தொடுகிறது. தோள் ஏறியிருப்பது தெரிந்தால் இறக்கலாம். ‘படுக்கையில் விழுவேன்’ என்பது செய்தி இல்லை, பயம் என்று தெரிந்தால் அதன் பிடி கொஞ்சம் தளரும். முழங்கால் அப்படியே வலித்துக்கொண்டிருக்கலாம், ஆனாலும் திரும்பத் தூங்க முடியும் இரவுகள் கூடும். எனக்குக் கிடைத்தது இதுதான். இதைவிட அதிகமாக நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஐந்து நிமிடத்துக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வலி குறைவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கடுமையான வலியில் முதல் பாடம் படிக்க முடியாது. நாற்காலியிலோ படுக்கையிலோ, உங்கள் உடம்புக்கு எது தொந்தரவு தராதோ அப்படி இருங்கள். முதலில் உடம்பு எங்கெல்லாம் எதன் மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்: குதிகால் தரையில், தொடை நாற்காலியில், கை மடியில். அந்த அழுத்தத்தை ஒரு நிமிடம் உணருங்கள். பிறகு நெற்றி, தாடை, தோள், வயிறு, கைவிரல் என்று ஒவ்வொரு இடமாகப் போங்கள். இறுக்கம் இருந்தால் ‘இறுக்கம்’, சூடு இருந்தால் ‘சூடு’. தளர வந்தால் தளரட்டும், வராவிட்டால் அடுத்த இடம்.

அதன் பின் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள். மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டாம். முடிக்கும்போது அறையில் கேட்கும் ஓசைகளைக் கேளுங்கள்: மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, பக்கத்து வீட்டுக் குக்கர். கண்ணைத் திறந்து மெதுவாக எழுந்திருங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றக்கூடும்.

எட்டு வார வகுப்பில் வீட்டில் தினமும் 45 நிமிடம் செய்யச் சொல்வது வழக்கம். உடல்நிலை ஒத்துழைக்கும் நாட்களில் அந்த நீளத்துக்கும் பலன் உண்டு. ஆனால் நோயோடு இருப்பவர்களுக்கு நாளில் நாலைந்து முறை சின்னச் சின்னதாகச் செய்வதே நிலைக்கும் என்பது என் கருத்து. மருத்துவமனையில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நேரம் இதற்கு மிக நல்லது. வேறு எதற்கும் அது உதவப் போவதில்லை.

சம்மணம் போட முடியாது. படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுகிறேன். பரவாயில்லையா?

சம்மணம் தேவையே இல்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தரையில் உட்காரவே கூடாது என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். நடுவில் அசையலாம், காலை நீட்டலாம், தலையணையை நகர்த்தலாம். ‘அசைய வேண்டும் போலிருக்கிறது’ என்று தெரிந்து அசைந்தால் அதுவும் பயிற்சிக்குள்தான்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். வலியால் பல இரவுகள் தூக்கம் கெட்ட உடம்பு கிடைத்த இடத்தில் கணக்கைத் தீர்க்கிறது. தினமும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், படுத்தபடியே ஒரு முழங்கையை மடித்து முன்கையை மேலே நிமிர்த்தி வையுங்கள். தூக்கம் வரும்போது கை விழும், நீங்கள் விழித்துக்கொள்வீர்கள்.

எனக்கு ஆஸ்துமா. மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுவது போல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் மூச்சை விட்டுவிடுங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பதற்றம் அதிகம் உள்ளவர்கள் பலருக்கு இப்படி ஆகும். மூச்சு அவர்களுக்கு ஏற்கெனவே பயத்தோடு முடிச்சுப் போட்ட விஷயம். அதையே பிடித்துக்கொள் என்று சொல்வது தவறு.

மூச்சுக்குப் பதிலாகப் பாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தரையின் குளிர்ச்சி, செருப்பின் வார், விரல்கள் ஒன்றோடொன்று உரசுவது. அல்லது ஒரு உள்ளங்கையை மற்றொன்றின் மேல் வைத்துச் சூட்டை உணருங்கள். ஓசையும் நல்ல பிடிமானம்தான். இளைப்பு உண்மையிலேயே வரும்போது முதலில் இன்ஹேலர், பயிற்சி பிறகு.

அப்படியென்றால் இதுவும் பிராணாயாமமும் ஒன்றில்லையா?

இல்லை. பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம்: நீட்டுகிறோம், நிறுத்துகிறோம், வேகப்படுத்துகிறோம். இங்கே மூச்சு தன் போக்கில் போகிறது, நாம் பார்க்கிறோம். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை நிறுத்தும் கும்பகம் ஆகியவற்றை உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண்ணழுத்த நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. காணொளி பார்த்துத் தொடங்கவே வேண்டாம்.

அக்கா, வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் வலி கூடத்தானே செய்யும்?

தொடக்கத்தில் சிலருக்குக் கூடியது போலத் தெரியும். இவ்வளவு நாள் தொலைக்காட்சி, கைபேசி, வேலை என்று மூடி வைத்திருந்ததைத் திறக்கிறோம். அதனால்தான் வலி குறைந்த நேரத்தில் தொடங்கச் சொன்னேன்.

கவனிப்பதிலும் வகை உண்டு. ‘இன்னும் போகவில்லையா, இன்னும் போகவில்லையா’ என்று காவல் காப்பது ஒன்று. அது வலியைக் கூட்டும். ‘எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா? ஒரே அளவாக இருக்கிறதா, அலையாக வருகிறதா?’ என்று விசாரிப்பது வேறு. எங்கள் குழுவில் ஒரு பெரியவர், முதுகு முழுவதும் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பயிற்சி முடிந்ததும், “இடுப்புக்கு மேல் இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருக்கிறது; மற்ற இடமெல்லாம் நான் விறைத்துக்கொண்டு வைத்திருக்கிறேன்” என்றார். வலி அப்படியே இருந்தது, அதன் பரப்பு சுருங்கிவிட்டது.

அதிகமாகிப் போனால் வலியின் நடுவில் போய் நிற்காதீர்கள். ஓரத்தில் நில்லுங்கள். அல்லது உடம்பில் வலியில்லாத ஒரு இடத்துக்கு, காது மடலோ மூக்கு நுனியோ, கவனத்தை மாற்றுங்கள். சிறிது நேரம் கழித்துத் திரும்பலாம். திரும்பாமலும் இருக்கலாம்.

சர்க்கரையால் பாதம் மரத்துப் போய்விட்டது. உணர்ச்சியே இல்லாத இடத்தில் எதைக் கவனிப்பது?

உணர்ச்சி இல்லை என்பதைத்தான். உணர்வு எந்த இடம்வரை வருகிறது, எங்கே மங்குகிறது என்று கணுக்காலிலிருந்து கீழே மெதுவாகப் போய்ப் பாருங்கள். சிலருக்கு இதில் துக்கம் வரும், அதுவும் இயல்பு. மூச்சு முட்டுகிறவர்களுக்குப் பாதத்தைச் சொன்னேன், உங்களுக்குக் கைதான் சரி.

ஆனால் மரத்த பாதத்தை மனத்தால் மட்டும் கவனித்தால் போதாது. தினமும் கண்ணால் பாருங்கள். அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கு, வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் பாருங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள். இதை நான் மனவிழிப்பின் ஒரு பகுதியாகவே சொல்லித் தருகிறேன். கண்ணை மூடி உட்காருவதைவிட, காலைப் பார்க்கும் இரண்டு நிமிடம் சர்க்கரைக்காரருக்கு அதிகம் உதவும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் போகிறது. அங்கே செய்யலாமா?

தாராளமாக. ஊசி குத்துவதற்கு முன்னால் தொடங்குங்கள். பிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையை, நீட்டியதும் மற்றக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்துங்கள். குத்தும் கணத்தில் பாதங்களைக் கவனியுங்கள். பிறகு இயந்திரத்தின் ஓசையையே பிடிமானமாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கட்டுப்பாட்டிலும் இது உதவும். நாக்கு வறட்சியா, வெயிலா, சலிப்பா, கையில் டம்ளர் இருக்கும் பழக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், சில நேரம் வாயைக் கொப்பளித்துத் துப்பினாலே போதும் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டயாலிசிஸ் நடக்கும்போது தலை சுற்றல், வியர்வை, தொடர் கொட்டாவி, கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சில் அசௌகரியம் வந்தால் அதை உட்கார்ந்து கவனிக்க வேண்டாம். உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

பயிற்சியால் வலி குறைந்திருக்கிறது. மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

நீங்களாகக் கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் குறைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

காரணத்தைக் கேளுங்கள். வலி குறைந்தது என்றால் நோய் குறைந்தது என்று பொருளில்லை. முடக்குவாதத்தில் அழற்சி உள்ளே மூட்டை அரித்துக்கொண்டிருக்கும். வெளியே சமாளிக்கும்படியாக இருக்கும். அதைத் தடுப்பது மாத்திரைதான். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறியிருப்பது பல நேரம் தெரியவே தெரியாது. எவ்வளவு கூர்மையாகக் கவனித்தாலும் 180 என்ற இரத்த அழுத்தத்தை மனத்தால் அளக்க முடியாது, கருவிதான் அளக்கும். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. குறைக்க வேண்டும் என்று தோன்றினால் அந்த விருப்பத்தை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துச் சொல்லட்டும்.

எந்த வலியைக் கவனித்துக்கொண்டு இருக்கலாம், எந்த வலிக்கு ஓட வேண்டும்?

மருத்துவர் பார்த்து, பெயர் சொல்லி, ‘இது இருக்கும்’ என்று சொன்ன பழைய வலியைக் கவனிக்கலாம். புதிய வலி, வேறு இடத்து வலி, வேறு மாதிரி வலி என்றால் முதலில் மருத்துவர். நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத் திணறல் என்றால் 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வியர்வையும் சோர்வுமாக மட்டும் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு பொறி: தாழ் சர்க்கரை. நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி. பதற்றமும் இப்படித்தான் இருக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் ‘இது பதற்றம், கவனிப்போம்’ என்று உட்காரக் கூடாது. குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் முதலில் சர்க்கரை, ஆராய்ச்சி அப்புறம்.

இது பௌத்த மத வழிபாடுதானே? நான் ஐந்து வேளை தொழுகிறவன்.

வேர் பௌத்தத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனை வகுப்புகளில் மந்திரமோ வணக்கமோ நம்பிக்கையோ எதுவும் கேட்கப்படுவதில்லை. கால் தரையில் படுவதை உணர மதம் தேவைப்படாது. எங்கள் குழுவில் தொழுகிறவர்களும், ஜெபமாலை உருட்டுகிறவர்களும், கோவிலுக்குப் போகிறவர்களும், எதற்கும் போகாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மனத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் விட்டுவிடுங்கள். இது ஒன்றுதான் வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆராய்ச்சி இருக்கிறதா, இல்லை எல்லாம் விளம்பரமா?

இரண்டும் இருக்கின்றன. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: எட்டு வார மனவிழிப்பு வகுப்பு, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை), வழக்கமான கவனிப்பு மட்டும். 26 வாரங்கள் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் ஏறத்தாழ 61 சதவீதம், இரண்டாவதில் 58, மூன்றாவதில் 44. மனவிழிப்பு உதவியது, ஆனால் இன்னொரு நல்ல சிகிச்சையைவிட மேலானதாக இல்லை. எதுவும் கூடுதலாகச் செய்யாதவர்களிலும் 44 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன்னால் முயலத் தக்கவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

அதே 2017இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, வலி குறைவது சிறிய அளவில்தான் என்றும், சான்றுகளின் தரம் தாழ்வு என்றும் சொன்னது. மனச்சோர்விலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய, உண்மையான பலன் என்று நான் புரிந்துகொள்கிறேன். பெரிதாகப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போனால் ஒரேயடியாகக் கற்றுக்கொள்ளலாமே?

விபாசனா என்பது உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கும் ஒரு பௌத்தத் தியான முறை. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் அதற்கொரு மையம் இருக்கிறது. அந்த முறையை இந்தியாவில் பரப்பிய கோயங்கா, பர்மாவில் பிறந்து வளர்ந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடிப் போய்த்தான் யூ பா கின் என்ற ஆசிரியரைச் சந்தித்தார். 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவமனை வகுப்புகளில் உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் பயிற்சியும் அந்த மரபோடு உறவுள்ளது. ஆகவே மரியாதையோடுதான் சொல்கிறேன்: முதல் அடியாக அது வேண்டாம்.

நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். முழு மௌனம். புதியவர்களுக்கு மாலையில் தேநீரும் பழமும்தான், இரவு உணவு கிடையாது. இன்சுலின் போடுகிறவர், முதுகு உடைந்தவர், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் இதை யோசிக்க வேண்டும். விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பார்கள், எதையும் மறைக்காதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரைக் கேட்டு, வீட்டில் சில மாதங்கள் செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

உட்கார்ந்தால் அழுகை வருகிறது. பழையதெல்லாம் கிளம்புகிறது. தொடரலாமா?

கொஞ்சம் அழுது, பிறகு லேசாக இருந்தால் தொடரலாம். நோய் வந்த நாளிலிருந்து அழ நேரம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். ஆனால் பயிற்சிக்குப் பின் பல மணி நேரம் கலக்கம் தீரவில்லை, தூக்கம் போய்விட்டது, பழைய பயங்கரம் ஒன்று கண்முன் திரும்பத் திரும்ப வருகிறது, தான் தானாக இல்லாதது போல் இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். தியானத்தால் தொந்தரவு வருவது அரிதான சங்கதி இல்லை. 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, தியானம் செய்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினரிடம் பதற்றம், சோர்வு போன்ற விளைவுகளைக் கண்டது.

நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரைப் பாருங்கள். உயிர் வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு கவனிக்கவே கூடாது. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நல்ல நாளில் எதற்குப் பயிற்சி? அன்றைக்குத்தான் வேலை முடிக்க முடியும்.

அன்றைக்குத்தான் மிகவும் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் இருக்கும் வியாதி இது: கொஞ்சம் வலி குறைந்ததும் பரணைச் சுத்தம் செய்து, மாவு அரைத்து, மூன்று வாளித் துணி துவைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது. உடம்பு நடுவிலேயே சொல்லியிருக்கும். இரண்டாவது வாளியில் மணிக்கட்டு கனத்திருக்கும், மூச்சு மேலேறியிருக்கும். ‘இதையும் முடித்துவிடலாம்’ என்ற எண்ணம் அதை மறைத்துவிடும்.

எவ்வளவு நேரத்தில் உங்களுக்கு வலி ஏறத் தொடங்குகிறது என்று சில நாள் குறித்து வையுங்கள். அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள், வலி இல்லாவிட்டாலும். கெட்ட நாளில் முழுக்கப் படுக்காமல் கொஞ்சமாவது அசையுங்கள். இயன்முறை மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். என்னைக் கேட்டால், உட்கார்ந்து செய்யும் பயிற்சியின் முழுப் பலனும் இங்கே, துவைக்கும் கல்லின் அருகில்தான் தெரியும்.

ஏற்றுக்கொள் ஏற்றுக்கொள் என்கிறீர்களே, அது தோற்றுப்போவதுதானே?

இந்தக் கணத்தில் வலி இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த மாதமும் இப்படித்தான் என்பதை ஏற்கச் சொல்லவில்லை. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது, ஊன்றுகோல் வாங்குவது, அலுவலகத்தில் வேறு நாற்காலி கேட்பது எல்லாம், வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர்தான் செய்வார். ‘எனக்கொன்றுமில்லை’ என்று நடந்துகொண்டே இருப்பவர் செய்ய மாட்டார். ‘எல்லாம் வினைப்பயன், பேசாமல் அனுபவி’ என்று சொல்ல வருகிறவர்களின் பேச்சோடு இதைச் சேர்க்காதீர்கள்.

நேராகக் கேட்கிறேன். நோயாளி முணுமுணுக்காமல் இருக்கச் செய்யும் தந்திரம்தானே இது?

அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டுச் சுவரில் ‘பொறுமையே மருந்து’ என்று எழுதி வைப்பது எனக்கும் எரிச்சல்தான். “நீ தியானம் செய்கிறாயே, இன்னும் ஏன் கோபம் வருகிறது?” என்று வீட்டில் கேட்பதும் அதே ரகம். மருந்து கிடைக்காததற்கும், லிஃப்ட் வேலை செய்யாததற்கும், வேலையை விட்டு நீக்கியதற்கும் விடை மனவிழிப்பில் இல்லை. அவற்றுக்குப் புகார் எழுத வேண்டும். கோபம் வந்ததும் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதினால் புகார் தெளிவாக இருக்கும். எழுதாமல் விடுவதற்கு அது காரணமாகக் கூடாது.

நோய் எனக்கில்லை, பக்கவாதம் வந்த கணவரைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

பொருந்தும். நேரம்தான் கிடைக்காது என்பதால் வேலைக்குள்ளேயே வையுங்கள். அவரைத் தூக்கி உட்கார வைக்கும் முன் உங்கள் இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்று ஒரு மூச்சு அளவு பாருங்கள். உங்கள் இடுப்பும் தப்பிக்கும். கோபமாகப் பேசிவிட்ட பின் குற்ற உணர்வு வந்தால் அதையும் ‘இது குற்ற உணர்வு’ என்று பாருங்கள். ஆனால் உங்களுக்கு முதலில் தேவை, வாரத்தில் சில மணி நேரம் மாற்று ஆள். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நன்றாகச் செய்துகொண்டிருந்தேன். நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்ததில் விட்டுப்போயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். நோய் சீறும் காலத்தில் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கிறது. எனக்கும் ஆண்டுதோறும் நடக்கிறது. பழைய நேரக் கணக்கை எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இன்று மாத்திரை எடுக்கும்போது அட்டையிலிருந்து அது விடுபடும் ஓசை, நாக்கில் அதன் கசப்பு, தண்ணீர் தொண்டையில் இறங்குவது, இந்த மூன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வாரம் அவ்வளவு போதும். பிறகு மேலே சொன்ன ஐந்து நிமிடத்துக்கு வரலாம்.